பொன்வாட்டில்

பொன்வாட்டில் என்பது ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டதும், பொன்மஞ்சள் நிறத்தில் சிறு உருண்டைகளாகப் பூப்பதுமான ஒரு பெரும்புதர் அல்லது குறுமரம். தாவரவியலார் இதனை அக்கேசியா பிக்னாந்தா என்னும் இருசொற்பெயரால் குறிக்கின்றனர். அவரைக் குடும்பமாகிய ஃபேபேசியில், தொட்டாற்சுருங்கி, வாகை, வன்னி ஆகியவற்றை உள்ளடக்கிய மிமோசாப் பிரிவில் இது இடம்பெறுகிறது. 19ஆம் நூற்றாண்டில் தோல் பதனிடும் பட்டைக்காகக் காடுகாடாக உரிக்கப்பட்ட இச்செடி, 1988ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் தென்னாப்பிரிக்க அறிவியலார் இதன் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த ஒரு குளவியை வரவழைத்து விட்டிருந்தனர். விரைந்த வளர்ச்சி, மிகுந்த பூப்பு, மண்ணில் நெடுநாள் உறங்கும் விதை, வளமற்ற நிலத்திலும் பிழைக்கும் வேர் என்னும் நான்கு இயல்புகளே இதன் புகழுக்கும் பழிக்கும் காரணமாயின என்பதால், இதன் வரலாற்றை இதன் உடலமைப்பிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

ஆஸ்திரேலியாவில் அக்கேசியாப் பேரினத்தைச் சேர்ந்த சிற்றினங்கள் ஏறத்தாழ ஆயிரம் உள்ளன. இவை அனைத்தையும் அந்நாட்டார் வாட்டில் என்னும் பொதுப்பெயராலேயே வழங்குகின்றனர். 1788இல் சிட்னிக் கரையில் குடியேறிய ஆங்கிலேயர், வளையும் கொம்புகளைப் பின்னித் தட்டியாக்கி அதன்மேல் மண்ணைப் பூசிச் சுவர் எழுப்பினர்; அத்தகைய தட்டிக்கு அவர்கள் மொழியில் இருந்த பெயர், கொம்பு தந்த செடிக்கும் ஆகிவந்தது. தொடக்கத்தில் அவர்கள் வெட்டிய ‘கறுப்பு வாட்டில்’ அக்கேசியா அன்று, கல்லிகோமா என்னும் வேறு குடும்பத்துச் செடி என்றாலும், பின்னாளில் அப்பெயர் அக்கேசியாக்களின் மேலேயே நிலைத்துவிட்டது.

பொன்வாட்டிலின் இயற்கைப் பரப்பு, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் அயர் தீபகற்பத்தில் தொடங்கி, ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரையும் அடிலெய்டு நகருக்குக் கிழக்கே உள்ள லாஃப்டி மலைத்தொடரையும் தழுவி, விக்டோரியா மாநிலத்தின் குறுக்காகச் சென்று, நியூ சவுத் வேல்ஸின் தென் உள்நாட்டையும் தலைநகர் கான்பெராவைச் சுற்றிய பகுதியையும் எட்டுகிறது. நீர் எளிதில் வடியும் ஆழமற்ற மண்ணில், யூக்கலிப்டஸ் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும் காடுகளின் கீழடுக்கில் இது வளர்கிறது. பொதுவாக 3 முதல் 8 மீட்டர் உயரம்வரை வளரும். ஆயுள் பெரும்பாலும் 15 முதல் 30 ஆண்டுகள். நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் யூக்கலிப்டஸின் அருகே இது அற்பாயுள் செடியாகத் தோன்றினாலும், இனத்தின் தொடர்ச்சி நிற்கும் செடியில் இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கும் விதையில் இருப்பதால், அற்பாயுள் இதற்கு ஒரு குறையாக அமைவதில்லை.

இலையும் காம்பிலையும்

வளர்ந்த பொன்வாட்டிலில் இலை என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் இலை அன்று. இலைத்தாள் முற்றிலும் மறைந்துபோக, இலைக்காம்பே தட்டையாக விரிந்து பச்சையம் பெற்று இலையின் வேலையைச் செய்கிறது. இவ்வுறுப்பைத் தாவரவியலில் ஃபில்லோடு என்றும், தமிழில் காம்பிலை என்றும் கூறுவர். பொன்வாட்டிலின் காம்பிலை 9 முதல் 15 செ.மீ. நீளமும், 1 முதல் 3.5 செ.மீ. அகலமும், அரிவாள்போல் சற்றே வளைந்த வடிவமும், பளபளக்கும் கரும்பச்சை நிறமும் உடையது. இளந்தளிர்கள் வெண்கல நிறத்தில் தோன்றிப் பின் பச்சையாகின்றன.

இம்மாற்றத்தை நாற்றுப் பருவத்தில் படிப்படியாகக் காணலாம். விதை முளைத்தவுடன் வெளிவரும் முதல் இலை, புளிய இலையைப் போல் ஒரே நடுநரம்பின் இருபுறமும் சிற்றிலைகள் அடுக்கிய சிறகுக் கூட்டிலை. அடுத்து வருபவை, அந்நடுநரம்பும் கிளைத்துக் கிளைதோறும் சிற்றிலைகள் ஏந்திய இருமடிச் சிறகுக் கூட்டிலைகள். கருவேல மரத்தின் இலையைக் கண்டவர்கள் இவ்வமைப்பை உடனே இனங்காண்பர். சில இலைகள் கழிந்தபின் வருவதில் காம்பு சற்று அகன்றிருக்கும். அதற்கடுத்ததில் அகலம் மேலும் கூடி, நுனியில் இரண்டொரு சிறகுகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் சிறகுகள் அறவே நீங்கிக் காம்பிலை மட்டுமே தோன்றும். ஒரு சாண் உயரமுள்ள ஒரே நாற்றில், அடியிலிருந்து நுனிவரை கூட்டிலை, இடைப்பட்ட கலப்பிலை, முழுக் காம்பிலை ஆகிய மூன்றையும் ஒருசேரக் காண முடிவதால், தாவரவியல் வகுப்புகளில் இலை மாற்றுருவத்தை விளக்குவதற்கு ஆஸ்திரேலிய அக்கேசியாக்களின் நாற்றே வழக்கமான சான்றாகக் காட்டப்படுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இதே நோக்கில் காட்டப்படும் அக்கேசியா ஆரிகுலிஃபார்மிஸ் என்னும் மரமும் வட ஆஸ்திரேலியாவையும் பப்புவா நியூகினியையும் சேர்ந்த வாட்டில் வகையே.

காம்பிலையின் பயன் வறட்சியைத் தாங்குவதில் தெரிகிறது. அதன் தட்டைப் பரப்பு வானத்தை நோக்கிக் கிடவாமல் விளிம்பு மேலும் கீழுமாக நிற்பதால், நண்பகல் வெயில் முழுமையாக அதன்மீது விழுவதில்லை; காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் ஒளியோ இருபக்கமும் படுகிறது. தடித்த மேற்தோல் நீரிழப்பைக் குறைக்கிறது. ஆஸ்திரேலியக் கண்டம் வறண்டுவந்த நெடுங்காலத்தில் அக்கேசியாக்கள் பல்கிப் பெருகியதற்குக் காம்பிலை முதன்மையான காரணங்களுள் ஒன்று எனத் தாவரவியலார் கருதுகின்றனர்.

காம்பிலையின் அடிப்பக்கத்தில், மேல்விளிம்பை ஒட்டி, ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. இது பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் உறுப்பாதலால் பூவெளித் தேன்சுரப்பி எனப்படுகிறது. பார்வைக்குப் புள்ளியளவே ஆன இச்சுரப்பியின் முக்கியத்துவம் பூவின் அமைப்பை அறிந்தபின்பே விளங்கும்.

பூவும் மகரந்தச் சேர்க்கையும்

பொன்வாட்டிலின் பூ என்று பொதுமக்கள் கருதும் மஞ்சள் உருண்டை ஒரு பூ அன்று. 40 முதல் 100 வரையிலான நுண்ணிய பூக்கள் நெருங்கிய தலைமஞ்சரி. மஞ்சரி என்பது பூக்கள் தண்டில் அமைந்திருக்கும் கொத்து. அத்தகைய உருண்டைகள் ஒவ்வொரு கிளைக்கொத்திலும் 40 முதல் 80 வரை தொங்குவதால், நன்கு பூத்த ஒரு கிளைக்கொத்தில் சில ஆயிரம் பூக்கள் இருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் ஐந்து சிற்றிதழ்கள் உண்டெனினும் அவை கண்ணில் படுவதில்லை. நிறத்தைத் தருவன, இதழ்களுக்கு வெளியே நீண்டு நிற்கும் எண்ணற்ற மகரந்தத்தாள்களே. பிக்னாந்தா என்னும் சிறப்புப்பெயர், நெருங்கிய பூக்களை உடையது எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது.

பூக்காலம் தென்கோளக் குளிர்காலத்தின் பிற்பகுதியாகிய ஜூலையில் தொடங்கி நவம்பர் வரை நீள்கிறது. உச்சம் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில். அரும்புகள் ஆண்டு முழுவதும் தோன்றினாலும், நவம்பர் முதல் மே வரையில் தோன்றியவையே மலர்கின்றன. பிந்தித் தோன்றியவை விரைந்து வளர்வதால், முன்னும் பின்னுமாக அரும்பியவை ஏறத்தாழ ஒரே காலத்தில் பூத்து, மலைச்சரிவு முழுவதும் ஒருசேர மஞ்சளாகிவிடுகிறது. இச்செடி கவிஞர்க்கும் சின்னம் வரைவோர்க்கும் பிடித்துப்போனதற்கு இந்த ஒருமித்த பூப்பு போதுமான காரணம்.

மகரந்தச் சேர்க்கை முறையிலும் வாட்டில்கள் தனித்தன்மை உடையவை. இவற்றின் மகரந்தம் தனித்தனி மணிகளாகப் பிரியாமல், பெரும்பாலும் பதினாறு மணிகள் ஒட்டிய சிறு தொகுதிகளாக வெளியேறுகிறது. சூல்முடி, அதாவது மகரந்தத்தை ஏற்கும் பெண்ணுறுப்பின் நுனி, அத்தகைய ஒரு தொகுதி அமரும் அளவிலேயே குழிந்துள்ளது. ஒரே முறை ஒரு தொகுதி வந்து படிந்தால் அக்காயின் விதைகள் அனைத்துக்கும் போதுமான மணிகள் கிடைத்துவிடுகின்றன. ஆனால் அத்தொகுதி வேறொரு செடியிலிருந்து வரவேண்டும். தன் மகரந்தத்தால் தானே கருவுறும் ஆற்றல் பொன்வாட்டிலுக்கு இல்லை.

பூவிலோ தேன் இல்லை. மகரந்தத்தை உண்ண வரும் வண்டுகளும் தேனீக்களும் சேர்க்கைக்கு உதவுகின்றன என்றாலும், பறவைகளின் பங்கு அண்மைக்காலத்தில்தான் தெளிவாயிற்று. முட்சிட்டு, வெள்ளைக்கண்ணி முதலிய சிறு பறவைகள் காம்பிலையின் சுரப்பியில் ஊறும் தேனை நாடி வருகின்றன. பூங்கொத்து காம்பிலையின் கக்கத்திலேயே எழுவதால், சுரப்பியை எட்டும் பறவையின் தலையும் மார்பும் பூவுருண்டைகளில் உரசி, மகரந்தம் ஒட்டி, அடுத்த செடிக்குச் செல்கிறது. 1988இல் வெளிவந்த ஓர் ஆய்வு, பறவைகள் வந்துபோகும் கிளைகளில் காய்ப்பு மிகுதி என்று காட்டியது. பூவுக்குப் பதிலாக இலையில் விருந்து வைத்துப் பூவுக்கு வேலை வாங்கும் இவ்வேற்பாடு, தாவர உலகில் அரிதானது.

விதை, தீ, வேர்

பூ உதிர்ந்தபின் 5 முதல் 14 செ.மீ. நீளமுள்ள தட்டையான காய்கள் தோன்றி, பச்சையிலிருந்து கரும்பழுப்பாகி, டிசம்பர், ஜனவரி மாதக் கோடையில் வெடிக்கின்றன. விதை 6 மி.மீ. நீளத்துக்கு உட்பட்டது, கறுத்து வழவழப்பானது. அதன் ஒரு முனையில் எண்ணெய்ச் சத்துள்ள சதைப்பற்றான ஒட்டுறுப்பு உண்டு. இதற்குப் பத்திரி என்று பெயர். எறும்புகள் பத்திரிக்காக விதையை இழுத்துப் புற்றுக்குள் கொண்டுசென்று, பத்திரியைத் தின்றுவிட்டு விதையைக் கைவிடுகின்றன. கடினமான விதையுறை நீரை உட்புகவிடாததால், அவ்விதை ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கிறது.

காட்டுத்தீ பரவும்போது நிற்கும் செடி பெரும்பாலும் மடிகிறது. மண்ணுக்குள் இறங்கும் சூடு விதையுறையைப் பிளக்க, அடுத்த மழையில் முளைகள் அடர்த்தியாக எழுகின்றன. தோட்டக்காரர்கள் விதையைக் கொதிநீரில் இட்டு ஓரிரவு ஊறவைத்து விதைப்பது இத்தீயின் வேலையைச் செய்வதற்கே. முளைத்த செடியின் வேர்முண்டுகளில் வாழும் ரைசோபிய பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் சத்தாக மாற்றித் தருவதால், எரிந்து சத்திழந்த மண்ணிலும் வளர்ச்சி தடைப்படுவதில்லை. தாயகத்தில் இது காட்டைப் புதுப்பிக்கும் பணி. அயல்மண்ணில் இதுவே ஆக்கிரமிப்பாக மாறிற்று.

பதிவும் பெயரீடும்

ஐரோப்பியர் வருகைக்கு நெடுங்காலம் முன்பிருந்தே தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் தொல்குடியினர் வாட்டில்களை நன்கறிந்திருந்தனர். பட்டையில் கசியும் பிசினை உணவாகக் கொண்டனர். விக்டோரியாவின் வடமேற்கில் வாழ்ந்த வெர்கையா மக்கள் பொன்வாட்டிலுக்குத் தனிப்பெயர் வழங்கியிருந்ததும் பதிவாகியுள்ளது.

அறிவியல் உலகத்துக்கு இச்செடியின் மாதிரியைத் திரட்டித் தந்தவர், நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தின் தலைமை நில அளவையாளராக இருந்த மேஜர் தாமஸ் மிட்செல். 1836ஆம் ஆண்டு மரே ஆற்றைக் கடந்து தெற்கே சென்ற பயணத்தில், இன்றைய வடக்கு விக்டோரியாவின் பிரமிட் குன்றுக்கும் லாடன் ஆற்றுக்கும் இடைப்பட்ட பகுதியில் இம்மாதிரி எடுக்கப்பட்டது. அதனை வகைமாதிரியாகக் கொண்டு, அதாவது ஒரு பெயர் எச்செடிக்கு உரியது என்பதற்குச் சான்றாக என்றும் பேணப்படும் மூலமாதிரியாகக் கொண்டு, ஆங்கிலத் தாவரவியலாளர் ஜார்ஜ் பெந்தம் 1842இல் லண்டன் தாவரவியல் இதழில் அக்கேசியா பிக்னாந்தா என்று பெயரிட்டு விவரித்தார். பெந்தம் ஆஸ்திரேலிய மண்ணை மிதித்ததே இல்லை. உலர்த்திய மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கண்டத்தின் தாவரங்களை ஏழு தொகுதிகளில் அவர் வகுத்துத் தந்தது வியப்புக்குரியதெனினும், அந்நூற்றாண்டின் தாவரவியல் இவ்வாறே நடந்தது.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இதே செடிக்கு வேறு இரு பெயர்கள் சூட்டப்பட்டன. ஹாம்பர்க் தாவரத் தோட்டத்தில் விதையிலிருந்து வளர்ந்த செடியை 1851இல் லேமான் அக்கேசியா பெட்டியோலாரிஸ் என்றார். போர்ட் லிங்கன் துறைமுகப் பகுதி மாதிரியை 1855இல் மைஸ்னர் அக்கேசியா ஃபால்சினெல்லா என்றார். இரண்டும் பொன்வாட்டிலே என்று 1864இல் பெந்தம் தம் ஆஸ்திரேலியத் தாவரவளத் தொகுதியில் முடிவு செய்தார்.

பட்டை வணிகம்

விலங்குத் தோலில் உள்ள கொலாஜன் என்னும் புரதம் டானினோடு பிணையும்போது தோல் அழுகாத பதத்தை அடைகிறது. டானின் என்பது மரப்பட்டை, காய், இலை முதலியவற்றில் உள்ள துவர்ப்புப் பொருள். பொன்வாட்டிலின் உலர்ந்த நல்ல பட்டையில் இதன் அளவு 40 விழுக்காடு வரை இருந்ததால், ஆஸ்திரேலிய வாட்டில்களுள் இதன் பட்டையே மிகச் சிறந்ததென 19ஆம் நூற்றாண்டின் தோல் தொழிலாளர் மதித்தனர். சாறு ஓடும் வசந்த, கோடை மாதங்களில் அடிமரத்தைச் சுற்றி வெட்டி, பட்டையை மேல்நோக்கி உரித்து, உலர்த்தி, ஆலையில் அரைத்துப் பொதிந்தனர். பட்டை போன மரம் பிழைப்பதில்லை.

சாலையோரத்திலும் குடியேற்ற நிலங்களிலும் எளிதில் கிடைத்த மரங்கள் சில பத்தாண்டுகளில் தீர்ந்தன. நிலைமையை ஆராய விக்டோரிய அரசு அமைத்த குழு 1878இல் அறிக்கை அளித்தது. பயிரிட்டு அறுவடை செய்வதே வழி என்பது அக்காலத்து அறிஞர்களின் கருத்தாக இருந்தது. சிட்னித் தாவரவியலாளர் ஜோசப் மெய்டன் 1890இல் வாட்டில்களையும் அவற்றின் பட்டையையும் பற்றித் தனிநூலே எழுதினார். எனினும் இத்தொழிலின் பெரும்பயன் ஆஸ்திரேலியாவுக்குக் கிட்டவில்லை. 1864இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்ற அக்கேசியா மெர்ன்சியை என்னும் கறுப்பு வாட்டிலின் விதைகள் அங்கே பெருந்தோட்டங்களாயின. உலகப் பட்டைச் சந்தை நேட்டாலின் கைக்குப் போயிற்று.

சென்னை மாகாணத்துத் தோல் தொழிலும் இச்சங்கிலியில் ஒரு கண்ணி. ஆவாரம் பட்டையையே நம்பியிருந்த இங்குள்ள பதனிடும் கூடங்கள் 20ஆம் நூற்றாண்டில் நேட்டால் வாட்டில் பட்டைக்கு மாறின. இனவொதுக்கலைக் கண்டித்து 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத்தை நிறுத்தியதை அடுத்து, நீலகிரியிலும் பழனி மலையிலும் கறுப்பு வாட்டில் தோட்டங்கள் விரிவாக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டிலேயே விறகுக்காகக் கொண்டுவரப்பட்டு, மக்கள் வழக்கில் சீகை மரம் என்று பெயர்பெற்றுவிட்ட வாட்டில்களோடு இவையும் சேர்ந்து, சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளை மூடின. இவற்றை அகற்றச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட வேண்டிய நிலை பிற்பாடு வந்தது.

அயல்மண்ணில் களை

பொன்வாட்டில் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு 1858க்கும் 1865க்கும் இடையில் சென்றது. கடற்கரை மணல்மேடுகளை நிலைப்படுத்துவதும் டானினும் நோக்கங்களாக இருந்தன. அங்கேயுள்ள இயற்கைத் தாவரத்தொகுதி ஃபின்போஸ் எனப்படும் குறும்புதர்க்காடு. அதுவும் தீயை நம்பி வாழ்வது. தாயகத்தில் விதையைத் தாக்கும் பூச்சிகளும் நோய்களும் பொன்வாட்டிலின் பெருக்கத்துக்கு வரம்பு கட்டியிருந்தன. கேப்பில் அவை இல்லாமையால் விதை முழுவதும் மண்ணில் சேர்ந்தது. ஒவ்வொரு தீக்குப் பின்னும் வாட்டில் முளைகள் ஃபின்போஸ் செடிகளை நெருக்கின. 2013 அளவில் நடந்த மரபணு ஆய்வுகள், செடி மட்டுமன்றி அதன் வேர்முண்டுப் பாக்டீரியாவும் ஆஸ்திரேலியாவிலிருந்து உடன் வந்திருப்பதைக் காட்டின. போர்ச்சுகல் முதலிய மத்தியதரைக்கடல் சார்ந்த நாடுகளிலும், ஆஸ்திரேலியாவுக்குள்ளேயே இதன் இயற்கைப் பரப்புக்கு வெளியே உள்ள மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இது களையாகப் பரவியுள்ளது.

வெட்டுவதால் மட்டும் இது அடங்காது என்பதால், இயற்கை எதிரிகளை வரவழைக்கும் உயிரியல் கட்டுப்பாடு மேற்கொள்ளப்பட்டது. டிரைகிலோகாஸ்டர் சிக்னிவென்ட்ரிஸ் என்னும் சிறு குளவி 1987இல் கேப்பில் விடப்பட்டது. கோடையில் பூவரும்புக்குள் முட்டையிடும் இக்குளவியால், மே, ஜூன் மாதங்களில் அரும்பு இருக்கவேண்டிய இடத்தில் திராட்சைக் குலைபோன்ற கரணைகள் புடைக்கின்றன. பூ தடைப்படுவதோடு, கரணைகளை வளர்க்கவே சத்து செலவாவதால் செடியும் நலிகிறது. 2005இல் விதையைத் தின்னும் மெலண்டீரியஸ் கம்பாக்டஸ் என்னும் கூன்வண்டும் சேர்க்கப்பட்டது. மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் விதைக்கு இவை இரண்டும் மருந்தல்ல என்பதே இம்முறையின் எல்லை.

தேசிய மலர்

வாட்டில் பூவை நாட்டுப்பற்றின் அடையாளமாக அணியும் வழக்கம், 1838இல் ஹோபார்ட் நகரில் நடந்த படகுப்போட்டி விழாவளவு பழமையானது. அடிலெய்டு இதழாளர் வில்லியம் சவ்டன், விக்டோரிய இயற்கை ஆர்வலர் ஆர்ச்சிபால்டு கேம்ப்பெல் ஆகியோர் அந்நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கத்துக்கு இயக்க வடிவம் தந்தனர். 1910 செப்டம்பர் 1 அன்று சிட்னி, மெல்போர்ன், அடிலெய்டு ஆகிய மூன்று நகரங்களிலும் வாட்டில் நாள் கொண்டாடப்பட்டது. சிவந்த வாராட்டா மலரே தேசிய மலராக வேண்டுமென்று வாதிட்டோரும் இருந்தனர். ஆனால் வாராட்டா கிழக்குக் கரையோரத்துக்கு மட்டுமே உரியது, வாட்டிலோ ஒவ்வொரு மாநிலத்திலும் ஏதேனும் ஒரு வகையில் வளர்வது. 1912இல் நாட்டின் அரசுச் சின்னத்தில் வாட்டில் கிளைகள் இடம்பெற்றன. அவற்றை வரைந்த கை தாவரவியல் துல்லியத்தைப் பொருட்படுத்தவில்லை.

முதல் உலகப்போரின்போது வாட்டில் கொத்துகளை விற்று நிதி திரட்டப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் 1916இல் கொண்டாட்டத்தை ஆகஸ்டு 1க்கு மாற்றிக்கொண்டதால், நெடுங்காலம் ஒரே நாட்டில் இரு வாட்டில் நாள்கள் இருந்தன. ஐரோப்பியக் குடியேற்றத்தின் இருநூறாம் ஆண்டான 1988இல், செப்டம்பர் 1 அன்று, அக்கேசியா பிக்னாந்தா நாட்டின் மலர்ச் சின்னமாக முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1992இல் அந்த நாளே நாடு முழுவதற்குமான வாட்டில் நாளாயிற்று.

அக்கேசியா என்னும் பெயர் யாருக்கு உரியது

பிலிப் மில்லர் 1754இல் அக்கேசியாப் பேரினத்தை நிறுவியபோது அதன் அடிப்படையாக அமைந்தது ஆப்பிரிக்க, ஆசிய மரமாகிய கருவேல். பின்னர் ஆஸ்திரேலியச் செடிகள் நூற்றுக்கணக்கில் இதனுள் சேர்க்கப்பட்டன. முள்ளுள்ள கருவேல் வகையும் முள்ளற்ற காம்பிலை வகையும் ஒரே பேரினத்தில் நிற்கத்தக்க உறவினர் அல்ல என்பது 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் உறுதியாயிற்று. விதிப்படி, மூலமாதிரிக்கு உரிய கருவேல் அக்கேசியாவாகவே இருக்க, ஆஸ்திரேலிய வகைகளே வேறு பெயர் ஏற்றிருக்க வேண்டும். குயின்ஸ்லாந்து அறிஞர் பெட்லி அவற்றுக்கென ரேக்கோஸ்பெர்மா என்னும் பெயரை முன்வைத்து, 2003இல் பொன்வாட்டிலையும் ரேக்கோஸ்பெர்மா பிக்னாந்தம் என மாற்றியும் எழுதினார்.

ஆயிரம் சிற்றினங்களுக்குப் பெயர் மாற்றுவதைவிடச் சிறுபான்மையை மாற்றுவது எளிது என்று வாதிட்ட ஆஸ்திரேலியத் தாவரவியலார், மூலமாதிரியையே மாற்றி, அக்கேசியா பென்னிநெர்விஸ் என்னும் ஆஸ்திரேலியச் செடியை அவ்விடத்தில் வைக்குமாறு கோரினர். 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் இதனை எதிர்த்து வாக்களித்தோரே பெரும்பான்மையர்; ஆயினும் கோரிக்கையை ஏற்ற பெயரீட்டுக் குழுவின் பரிந்துரையைத் தள்ளுவதற்கு 60 விழுக்காடு தேவைப்பட்டதாலும் எதிர்ப்பு 55 விழுக்காட்டளவில் நின்றதாலும், பெயர் ஆஸ்திரேலியாவுக்குப் போயிற்று. 2011இல் மெல்போர்ன் மாநாடு இதனை உறுதி செய்தது. பெரும்பான்மை எதிர்த்தும் நிறைவேறிய இம்முடிவின் நியாயத்தை ஆப்பிரிக்கத் தாவரவியலார் பலர் ஏற்கவில்லை. அவர்கள் குறை காரணமற்றதன்று.

பெயரிழந்த மரங்களுக்குப் பழைய பெயர்கள் மீட்டெடுக்கப்பட்டன. அவற்றுள் வச்செல்லியா என்பது, சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் பணியாற்றிய ராபர்ட் வைட், ஸ்காட்லாந்தின் வாக்கர்-ஆர்னட்டுடன் சேர்ந்து தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி 1834இல் வெளியிட்ட நூலில் உருவாக்கிய பெயர். ஆகவே தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய பழைய நூல்களில் அக்கேசியா நைலோட்டிகா என்று காணப்படும் கருவேலை வச்செல்லியா நைலோட்டிகா என்றும், அக்கேசியா லியூக்கோஃப்ளோயாவாகிய வெள்வேலை வச்செல்லியா லியூக்கோஃப்ளோயா என்றும், அக்கேசியா பிளானிஃப்ரான்ஸாகிய குடைவேலை வச்செல்லியா பிளானிஃப்ரான்ஸ் என்றும் வாசகர் திருத்திக்கொள்ள வேண்டும். நீலகிரியின் சீகை மரங்கள் மட்டும் ஆஸ்திரேலிய வாட்டில்களாதலால் முன்போலவே அக்கேசியா என்ற பெயரில் தொடர்கின்றன.